முதல் போர்வை முதுகுக்குக் கீழே

(மார்கழி ஞாயிறு ஒன்றின் மாலையில், அம்பத்தூர் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குளிர்காலப் படுக்கையைப் பற்றிப் பேச்சு என்று அறிவிப்பில் பார்த்தவர்களில் பாதிப் பேராவது சிரித்திருப்பீர்கள். சென்னைக்கு ஏது குளிர்காலம்? நியாயமான கேள்விதான். இந்த நகரத்தின் வானிலைப் பதிவேட்டில் மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அதையும் 1895 டிசம்பர் 11, 1905 ஜனவரி 29 என்று இரண்டே நாட்களில்தான் பார்த்திருக்கிறோம். கொடைக்கானல்காரரிடம் போய் இதைச் சொன்னால், "அப்படியா, அன்றைக்கு வெயிலா இருந்திருக்குமே" என்பார். சாதாரணமாக ஜனவரி மாதத்து விடியற்காலை நமக்கு 20, 21 டிகிரி. உலகத்தில் பாதி நாடுகளில் அதைக் கோடைகாலம் என்பார்கள்.

அந்தக் கணக்கு நுங்கம்பாக்கத்துக் கணக்கு. மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் கடல் இரவிலும் முழுசாக ஆற விடுவதில்லை. நாம் பதினைந்து, இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறோம். மேகமில்லாத தை மாதத்து இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் விடியற்காலை நகரத்தைவிட ஓரிரண்டு டிகிரி, சில நாட்களில் அதற்கும் மேலாகக் குறைகிறது. இதற்கு மேல் நம்மைச் சுற்றி ஏரிகள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, வடக்கே புழல், தெற்கே செம்பரம்பாக்கம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி இவற்றை நிரப்பிவிட்டுப் போன பிறகு, டிசம்பரிலும் ஜனவரியிலும் நமக்கு மிஞ்சுவது ஓதம். சுவரில் ஓதம், தரையில் ஓதம், பீரோவில் மடித்து வைத்த வேட்டியில்கூட ஓதம். அரிசி மூட்டையில் கைவிட்டால் தெரியும்.

ஆகவே நம் ஊர்க் குளிர் மேலே காற்றில் இருப்பதைவிடக் கீழே தரையில்தான் அதிகம் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். குளிர்காலத்துக்கு என்ன போர்த்திக்கொள்ளலாம் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். என்ன விரித்துக்கொள்ளலாம் என்று யாரும் கேட்பதில்லை.

பத்திரிகைகளில், விளம்பரங்களில் படம் பார்க்கிறோம். மரக்கட்டில், அதன்மேல் வெள்ளை விரிப்பு, அதன்மேல் ரஜாய், அதன்மேல் கட்டம் போட்ட கம்பளி, கால்மாட்டில் கயிறு மாதிரி முறுக்கிப் பின்னிய இன்னொரு கம்பளி, தலைமாட்டில் ஆறு தலையணை, பின்னால் கணப்பு. வீட்டு உள் அலங்காரம் செய்பவர்கள் இப்போது முகப்பேரிலும் அயப்பாக்கத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதை அப்படியே கொண்டுவந்து வைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பனி கொட்டுகிற, காற்று வறண்ட நாட்டுக்கான அடுக்கு. அந்த ஊர்களில் பெரும்பாலும் தரையில் படுப்பதில்லை. அதனால் அவர்களுடைய சாமர்த்தியம் முழுவதும் மேலே போகிறது. நம்முடைய சாமர்த்தியம் கீழே போக வேண்டும்.

இது என்னுடைய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நக்கீரர் சொன்னது. பத்துப்பாட்டில் நெடுநல்வாடை 188 அடி. குளிரைப் பற்றித் தமிழில் அதற்கு மேல் யாரும் எழுதிவிடவில்லை என்பது என் கட்சி. மழை விட்டும் தூவானம் விடாத கூதிர்க்காலம். மாடு மேய்ச்சலை மறந்து நிற்கிறது. குரங்கு நடுங்குகிறது. வீட்டுக்குள் வேனிலில் ஆட்டிய விசிறியை மடக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. குறுகிய வாய்ச் செம்பிலிருக்கும் தண்ணீரைக் குடிக்க ஆளில்லை. எல்லாரும் தடவு என்னும் கனல் சட்டியில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். (இந்த இடத்தில் மட்டும் நாம் நக்கீரரிடமிருந்து விலகிவிட்டோம். கொசுவுக்காக மின்விசிறியை நாலில் ஓடவிட்டு, அந்தக் காற்றுக்காகக் கம்பளி போர்த்துகிற மக்கள் நாம்.)

அதற்குப் பிறகு அரசியின் கட்டிலுக்கு வருகிறார். நாற்பது வயது யானையின் தந்தத்தில் கடைந்த கட்டில். அதன்மேல் பல நிறம் ஊட்டிய மயிர் கலந்து, சிங்க வேட்டையைப் பொறித்த விரிப்பு. அதற்கு மேல் அன்னப்பறவையின் தூவி வைத்த மெத்தை. அதற்கும் மேலே துவைத்துக் கஞ்சி போட்ட துணி. அடுக்கைக் கவனியுங்கள். அடியில் மயிர், அதாவது கம்பளி. நடுவில் தூவி, காற்றைப் பிடித்து வைப்பது. உடம்பு படுகிற இடத்தில் அடிக்கடி துவைக்கக்கூடிய சாதாரணத் துணி. இதைவிடச் சரியான வரிசை கிடையாது. இவ்வளவையும் வர்ணித்த கவிஞர், அவள் மேலே என்ன போர்த்தியிருந்தாள் என்பதற்கு இடம் ஒதுக்கவில்லை. கணவன் பாசறையில் இருந்தான், ஆகையால் அவள் தூங்கவும் இல்லை. அது வேறு விஷயம்.

மார்கழி பத்தொன்பதாம் நாள் திருப்பாவையில் என்ன பாட்டு என்று இங்கிருக்கும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நப்பின்னையின் கட்டிலுக்கும் தந்தக் கால்தான். அதன்மேல் பஞ்சசயனம். அது எதால் ஆனது என்று சொல்லும்போது இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தின் தூவி என்று ஐந்தை அடுக்குவார்கள். விடியற்காலைக் குளிரில் ஒருத்தியை எழுப்பப் போகும் பாட்டில், எழுந்திருக்க மனமில்லாமல் இருப்பதற்கான காரணம் அவளுக்குக் கீழே இருக்கிறது. மறுபடியும் கீழே.

நம் பக்கத்து ஆழ்வாரையும் விட்டுவிடக் கூடாது. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகிற வழியில் திருமழிசை. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன், பல்லவ அரசனைப் பாட மறுத்தார்; அரசன் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்ப, குரு கிளம்ப, திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார் ஆழ்வார். அவரும் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகு திரும்பி வந்து மறுபடி விரித்துப் படுத்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். பக்தியைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவார்கள். நான் படுக்கைக்காரன், எனக்கு இந்தக் கதையில் பிடித்தது சுருட்டுவது. வைகுண்டநாதனாக இருந்தாலும் காலையில் சுருட்டி எடுக்கக்கூடிய படுக்கைதான் வைத்திருக்க வேண்டும் என்று இந்த மண்ணில் ஒருவர் நினைத்திருக்கிறார்.

சுருட்ட முடிகிற படுக்கையைத்தான் உதற முடியும், வெயிலில் போட முடியும். ஒருவர் தூங்குகிற இரவில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு டம்ளர் தண்ணீராவது வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு படுக்கைக்குள் இறங்குகிறது. கோடையில் அது பகலிலேயே உலர்ந்துவிடும். மார்கழியில் உலராது. காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போதே 100 கிராம் பருத்தி சுமார் 8.5 கிராம் நீரைப் பிடித்துக்கொள்கிறது. நம் விடியற்காலைகளில் ஈரப்பதம் 90க்கு மேல் போகிறது. ஆகவே நேற்று இரவு கதகதப்பாக இருந்த அதே மெத்தை, நாலு நாள் வெயில் படாமல் கிடந்தால் ஐந்தாம் நாள் சில்லென்று இருக்கும். இன்னொரு போர்வை வாங்க வேண்டியதில்லை. மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். குளிர்காலத்தில் இளைப்பு வருகிற வீடுகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஈரமான மெத்தையில்தான் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி பெருகுகிறது.

இனி தரையிலிருந்து ஆரம்பிப்போம்.

டைல்ஸ் தரையோ மொசைக் தரையோ, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்குச் சூடேறாது. அதற்கும் உடம்புக்கும் நடுவே காற்று வேண்டும், அசையாத காற்று. கதகதப்பு என்பதே அசையாமல் பிடித்துவைத்த காற்றுதான். கம்பளியும் பஞ்சும் அந்தக் காற்றுக்குக் கூடு மட்டுமே. ஒரு சிக்கல் உண்டு. மேலே போர்த்துவதற்கு எடை ஏறுவதில்லை, கீழே விரிப்பதற்கு நம் எடை முழுவதும் ஏறுகிறது. மெத்துமெத்தென்ற ரஜாயை மடித்துக் கீழே போட்டுப் படுத்தால் அதிலிருந்த காற்று முழுக்கப் பிதுங்கி ஓடிவிடும். கீழே போடுவது நசுங்காததாக இருக்க வேண்டும்.

கோரைப்பாய் அதற்குத்தான். கோரைத் தண்டின் உள்ளே பஞ்சு போன்ற சோறு இருக்கிறது. எத்தனை பேர் படுத்தாலும் அது முழுசாக நசுங்குவதில்லை. தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே வேறு இடைவெளி. பத்தமடைப் பட்டுப்பாய் புகழ்பெற்றது. தாமிரபரணிக் கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, துணி மாதிரி மடிக்கும்படி நெய்வார்கள். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்து தருவார்கள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், தப்பில்லை. அம்பத்தூர்த் தரைக்கு அது உதவாது, மெலிசு. நமக்கு வந்தவாசிப் பாய்தான் சரி. முரடு, தடிமன், விலை குறைவு, பஸ் ஏறினால் போய் வாங்கி வரலாம். புதுசில் ஒரு வாரம் முதுகில் கோடு விழும். பிறகு பழகிவிடும்.

பிளாஸ்டிக் பாயைப் பற்றிக் கேட்பீர்கள். துவைக்கலாம், பூச்சி அரிக்காது, வண்ணம் போகாது, எல்லாம் உண்மை. ஆனால் அது ஈரத்தை வாங்கவும் வாங்காது, விடவும் விடாது. மெத்தைக்கும் பிளாஸ்டிக் பாய்க்கும் நடுவே காலையில் கையை விட்டுப் பாருங்கள், நசநசவென்று இருக்கும். மொட்டைமாடியில் கதை பேச அது போதும். தூங்க வேண்டாம்.

பாய்க்கு மேல் ஜமக்காளம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த நூலில், குழித்தறியில், பட்டை பட்டையாக வண்ணம் போட்டு நெய்தது. கல்யாண மண்டபத்தில் விரிக்கிற பொருளாக மட்டும் அதை நாம் நினைத்துவிட்டோம். பாயின் முரட்டை அது மறைக்கும், மெத்தை வழுக்காமல் பிடிக்கும், பாயும் அதுவும் சேர்ந்தால் ஓதம் மேலே வராது. மெத்தையே இல்லாத வீட்டில் பாயும் மடித்துப் போட்ட ஜமக்காளமும் போதும், தை மாதம் தாண்டிவிடும்.

மெத்தைக்கு என் ஓட்டு இலவம்பஞ்சுக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவ மரம் காய்த்துப் பஞ்சாகி, அங்கே பிரித்துத்தான் ஊர் ஊராகப் போகிறது. இலவம்பஞ்சை நூலாக நூற்க முடியாது. இழை குட்டை, வழுவழுப்பு, ஒன்றோடொன்று பிடிக்காது. அதனால் துணிக்கு உதவாத பஞ்சு. ஆனால் அந்த இழை உள்ளே கூடானது, அதன் பெரும்பகுதி வெறும் காற்று. மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது. உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் ஒரு காலத்தில் உலகம் முழுக்க இலவம்பஞ்சைத்தான் அடைத்தார்கள். கடலில் மிதக்க வைத்த பஞ்சு, ஏரிக்கரை வீட்டின் ஓதத்துக்குப் பயப்படுமா? பருத்திப் பஞ்சு ஈரம் குடித்துக் கட்டி தட்டிப்போகும் இடத்தில் இலவம்பஞ்சு சமாளிக்கும். வெயிலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் உப்பிக்கொண்டு வரும்.

குறை இல்லாமல் இல்லை. சில வருஷங்களில் உடம்பு படுகிற இடத்தில் குழி விழும். முன்பு தோளில் வில்லோடு பஞ்சு அடிப்பவர் தெருவுக்கு வருவார், நாண் அதிரும் சத்தம் தெருக்கோடியிலேயே கேட்கும். இப்போது சின்ன வண்டியில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒலிபெருக்கி போட்டபடி வருகிறார்கள். பழைய மெத்தை, தலையணையைப் பிரித்து, அடித்து, புது உறை போட்டுத் தருகிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள், ஆனால் கண்முன்னே அடிக்கச் சொல்லுங்கள். இலவம்பஞ்சு என்ற பெயரில் பனியன் கழிவு உள்ளே போய்விடுவது உண்டு.

கட்டிலில் படுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முழங்கால் வலிக்காரர்கள் தரையில் படுத்து எழ முடியாது, கட்டில்தான் வேண்டும். நாடாக் கட்டில், கயிற்றுக் கட்டில் என்றால் கோடையில் சொர்க்கம். மார்கழியில் அடியிலிருந்து காற்று ஏறும். பாயையும் ஜமக்காளத்தையும் கட்டிலின் மேல் விரித்து, அதன்மேல் மெத்தையைப் போடுங்கள். வீட்டில் ஒரே ஒரு பழைய கம்பளி இருந்தால், பெரியவருக்கு மேலே போர்த்துவதைவிடக் கீழே மடித்துப் போட்டுப் பாருங்கள். ராத்திரி எழுந்து உட்காருவது நிற்கும்.

இப்போது மேலே வருவோம். இங்கே நீண்ட பேச்சு தேவையில்லை. நம் குளிருக்கு மூன்று அடுக்குக்கு மேல் ஒருவருக்கும் தேவைப்படாது. உடம்பை ஒட்டிச் சென்னிமலைப் பருத்திப் போர்வை, அல்லது பழைய நூல் புடவைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தையலோட்டியது. வங்காளத்தில் இதைக் காந்தா என்று கலைப்பொருளாக்கி விற்கிறார்கள், மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி. நாம் மட்டும் அதை ஏழைவீட்டுப் பொருள் என்று ஒளித்து வைத்தோம். நூறு தடவை துவைத்த நூல் புடவையின் மென்மையை எந்த ஆலையும் புதுத் துணியில் கொண்டுவர முடியாது. இரண்டு புடவைக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் அதன் கதகதப்பு. பாலியஸ்டர் புடவையில் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

அதற்கு மேலே கனமான ஒன்று. சோலாப்பூர் சத்தர் நம் வீடுகளுக்கு எப்போதோ வந்துவிட்டது. முழுப் பருத்தி, நல்ல எடை, துவைக்கலாம். இன்னும் குளிர்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கம்பளி. ஆட்டுக் கம்பளியின் குணம் வேறு. 100 கிராமுக்கு 16 கிராம் ஈரத்தைக்கூட வாங்கிக்கொண்டு, வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடுகிறது. ஓதம் பிடித்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான இழை வேறில்லை. குறும்பர் நெய்யும் கறுப்புக் கம்பளியில் புளியங்கொட்டைப் பசை போடுவார்கள். ஆட்டிடையர் மழையிலும் அதைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். குத்தும், உண்மை. அதனால்தான் கம்பளிக்கும் உடம்புக்கும் நடுவே துணி வேண்டும் என்கிறேன். ரயிலில் ஏசி பெட்டியில் ஒரு கம்பளிக்கு இரண்டு வெள்ளை விரிப்பு ஏன் தருகிறார்கள்? ஒன்று கீழே விரிக்க, இன்னொன்று கம்பளிக்குள் போர்த்த. கம்பளியை மாதம் ஒரு முறையாவது துவைக்கிறோம் என்று 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஊரே அதிர்ந்தது. நம் வீட்டுக் கம்பளியைக் கடைசியாக எப்போது துவைத்தோம் என்று யாரும் எழுந்து சொல்ல வேண்டாம்.

வழவழவென்று பூப்போட்டு, சிப் பையில் போட்டு விற்கிறார்களே மிங்க் கம்பளி, அது கம்பளியே இல்லை, செயற்கை இழை. பாலியஸ்டர் 100 கிராமுக்கு அரை கிராம் ஈரம்கூட வாங்காது. போர்த்திய பத்து நிமிடம் சுகம். நடு இரவில் வியர்த்து, உதைத்துத் தள்ளி, மூன்று மணிக்குக் குளிர்ந்து, மறுபடி இழுத்துப் போர்த்துவோம். மழைவெள்ளம் வந்தால் நிவாரணமாகக் கொடுக்கும் சாம்பல் நிறக் கம்பளிகளைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டார் கழித்துப் போட்ட கம்பளி உடைகளைப் பானிபட்டில் கிழித்து, மறுபடி நூலாக்கி நெய்கிற வகை அது. பார்க்க அழகில்லை, சொரசொரப்பு. கீழே விரிப்பதற்கு அதைவிட நல்ல பொருள் அந்த விலையில் கிடையாது.

ஆவடிக்காரர்களிடம் அடுக்கு முறையைப் பற்றி நீட்டிப் பேச எனக்குக் கூச்சம். 1960களின் தொடக்கத்திலிருந்து ஓசிஎஃப் என்னும் ஆவடி உடைத் தொழிற்சாலையில் ராணுவத்துக்கு உடை தைத்த குடும்பங்கள் இங்கே உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே வியர்வையை வெளியேற்றும் துணி, நடுவே காற்றைப் பிடிப்பது, வெளியே காற்றைத் தடுப்பது என்று மலையில் நிற்கும் சிப்பாய்க்குச் சொல்வதும் நெடுநல்வாடையின் கட்டிலும் ஒரே கணக்கு. 2021 அக்டோபர் 1ஆம் தேதி பழைய ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனமாக்கியபோது ஓசிஎஃப் சேர்ந்த நிறுவனத்துக்கு ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்று பெயர் வைத்தார்கள். போர்வைக் கடைக்கு வைத்திருக்க வேண்டிய பெயர்.

கொசுவலையை மறந்துவிட்டேன். அதுவும் ஓர் அடுக்குதான். வலைக்குள் காற்று அடங்கி நிற்பதால் கொஞ்சம் வெதுவெதுப்பு தெரியும், விசிறியைக் குறைக்கலாம். கரூரில் நெய்து இந்தியா முழுக்க அனுப்புகிறார்கள். கொரட்டூரில் இருந்துகொண்டு வலை கட்டாதவர் வீரர். கைக்குழந்தைக்கு மட்டும் மேலே சொன்ன அடுக்கு எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தலையணையும் தளர்ந்த போர்வையும் முகத்தில் விழுந்தால் ஆபத்து. சட்டையைத் தடிமனாகப் போட்டுவிடுங்கள், போதும்.

இதற்கெல்லாம் இடையில் குளிர்காலமே இடம் மாறிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் விற்கிற ஏசி எல்லாம் 24 டிகிரியில் ஆரம்பிக்க வேண்டும் என்று எரிசக்தித் திறன் வாரியம் விதி போட்டது. நாம் ரிமோட்டை எடுத்து உடனே 18க்கு இறக்கிவிடுகிறோம். இதுவரை சென்னையில் அடித்த உச்ச வெயில் 2003 மே 31 அன்று 45 டிகிரி. அப்படிப்பட்ட மே மாதத்தில், இன்றைக்கு அம்பத்தூரின் மிகக் குளிர்ந்த அறை ஏசி போட்ட படுக்கையறைதான். ஏசி பிளாங்கெட் என்றே தனியாக விற்கிறார்கள். 18 டிகிரியும் ரஜாயும் 25 டிகிரியும் ஒரு நூல் போர்வையும் ஒரே தூக்கத்தைத்தான் தருகின்றன. மின்கட்டணம் ஒன்றல்ல.

படுக்கையைப் பற்றிப் பேசிவிட்டு வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியில் மேடையை விட்டு இறங்க முடியாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்த பிறகு தெருக்களில் குவிந்து கிடந்தது என்ன? மெத்தைகள். ஆளுயரக் குவியலாக, சேறும் நாற்றமுமாக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை, பட்டரவாக்கம், கொரட்டூர் எங்கும் அதே காட்சி. எட்டு அங்குல ஃபோம் மெத்தை தண்ணீர் குடித்துவிட்டால் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது, உலரவும் உலராது. பாய், ஜமக்காளம், மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை என்றால் மழை எச்சரிக்கை வந்த அன்று மாலையே சுருட்டிப் பரணில் போட்டுவிடலாம். ஏரிக்கரையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் இதைச் சிக்கனத்துக்காகச் செய்ய வேண்டாம். தண்ணீர் வடிந்த அன்று இரவு படுக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகச் செய்யுங்கள்.

தொழிற்பேட்டையைச் சொன்னேன். அங்கே வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்களின் அறைகளை எட்டிப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். தகரக் கூரை, சிமெண்டுத் தரை. ராத்திரி சூடு முழுவதும் கூரை வழியாகப் போய், விடியற்காலை அதே கூரையிலிருந்து பனித்துளி சொட்டும். ஓர் ஆள் ஷிஃப்டுக்குப் போக, ஷிஃப்ட் முடித்தவர் அதே விரிப்பில் படுப்பார். அந்தப் படுக்கைக்கு வெயில் படுகிற நேரமே வாய்ப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது நாம் ஆண்டுதோறும் புகைப்படத்துக்குக் கொடுக்கும் போர்வை இல்லை. தரைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு முரட்டுப் பாய்.

போகி வருகிறது. பழைய பாய், பழைய தலையணை, பழைய மெத்தை என்று விடியற்காலையில் தெருவில் போட்டுக் கொளுத்துவோம். 2018இல் ஜனவரி 13ஆம் தேதி அந்தப் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது. கோரையை எரித்தால் புகை, பிளாஸ்டிக் பாயையும் ஃபோமையும் எரித்தால் நஞ்சு. இந்த வருஷம் ஒன்று செய்யுங்கள். போகிக்கு இரண்டு நாள் முன்பே பாயை மாடியில் விரித்து வெயில் காட்டித் தட்டிப் பாருங்கள். நடு கிழியாத பாயாக இருந்தால் தொழிற்பேட்டைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுங்கள். கிழிந்திருந்தால் செடிக்கு அடியில் போடுங்கள், மண்ணாகிவிடும். பிளாஸ்டிக்கையும் ஃபோமையும் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள். எதையும் கொளுத்தாதீர்கள்.